நிற்கிறவர்களின் ரத்தம்

இன்னும் ஐந்து சுற்று இருக்கிறது, அதற்குள் அம்மாவை மடக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காந்திமதி நடந்தாள். மடக்கப்பட வேண்டியவள் நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், பாளையங்கோட்டை மைதானத்துச் செம்மண்ணில் புது ஷூ அழுந்தி அழுந்தி எழ, சேலைக் கொசுவத்தை இடது கையால் ஒரு விரல் உயரத் தூக்கிப் பிடித்தபடி, இருபது வருடம் நின்றே பழகிய கால்களை நடக்கச் சொன்னால் எப்படி நடக்குமோ அப்படி, கொஞ்சம் அகட்டி, கொஞ்சம் சந்தேகத்தோடு. மணி ஆறு அஞ்சு. ஒன்பதரைக்கு அம்மா ஜவுளிக்கடையில் இருக்கவேண்டும். பதினாறு நாள் லீவு நேற்றோடு முடிந்துவிட்டது. இரண்டாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு, காலையில் படியேறினால் ராத்திரி ஷட்டர் இறங்குகிறவரைக்கும் நின்றபடியே இருக்க வேண்டியது, நின்று நின்று ஒரு நாள் அந்த மாடியிலேயே, அதே சேலைக் குவியலின் மேலேயே, இல்லை, அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் வாதம் குழறும். வாதம் என்றால் அந்தப் பக்கவாதம் இல்லை. பாரேன், நல்ல வார்த்தைகளுக்குள்ளெல்லாம் அந்த நோய் புகுந்து உட்கார்ந்துகொண்டது. போகமாட்டேன் என்று அம்மா வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். பட்டிமன்ற மேடைகளில் மூன்று வருடம் எதிரணிக்காரர்களைத் தண்ணீர் குடிக்க வைத்தவள், பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வகுப்பில் பேராசிரியரே "காந்திமதி, மூச்சு விட்டுக்கோம்மா" என்று சொல்லும்படி பேசுகிறவள், சண்முகவடிவு என்கிற ஒரே ஒரு பொம்பளையிடம் பதினாறு நாளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மா எதிர்த்துப் பேசினால் ஜெயித்துவிடலாம். எதிர்த்துப் பேசுவதில்லை. ம் என்கிறாள். ம் என்பதை எப்படி ஜெயிப்பது.

தண்ணீர்த் தொட்டி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தொட்டிப் பக்கம் வந்ததும் அம்மா நின்று திரும்பி, சிரித்துக் காட்டி, இரண்டு கையையும் தோளுக்கு நேரே தூக்கி, ஒரு முழு வாக்கியம் சொல்லவேண்டும். சிரிப்பு ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தாழ்கிறதா, நாக்கு தடிக்கிறதா என்று காந்திமதி பார்ப்பாள். காந்திமதி போட்ட ஏற்பாடு இது. ஆரம்பத்தில் நடக்க வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டது, ஒரு ரிட்டையர்டு வாத்தியார் மட்டும் இன்னும் ஏதோ புது யோகாசனம் என்று நினைத்துக்கொண்டு கூடவே கையைத் தூக்குகிறார். அம்மா கையைத் தூக்கினாள். பல்லைக் காட்டினாள். "இந்த மூதிய மகளாப் பெத்தேனா, மாமியாளாப் பெத்தேனான்னு தெரியல" என்றாள். முழு வாக்கியம். ழ இல்லை, ஆனால் த்த மாதிரி அழுத்தமெல்லாம் சரியாக விழுந்தது. "இன்னொண்ணு சொல்லு." "ஒரு சுத்துக்கு ஒண்ணுதான பேச்சு. கூடக் கேட்டா கூலி கேப்பேன்." அம்மா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். காந்திமதியின் நெஞ்சுப் பாரம் ஒரு சுற்றுக்கு இறங்கியது. அடுத்த சுற்று வரைக்கும் தாங்கும். அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது வேறு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் அப்படித்தானே நடந்தது. யாரோ ஒரு அம்மாள் அரக்கு பார்டரை விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள், அம்மா விரித்திருக்கிறாள், சாயம் போகாதுங்க என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள், இருபது வருடத்தில் லட்சம் தடவை சொன்ன சொல், அது வரவில்லை. நாக்கு நனைந்த துணி மாதிரி கிடந்ததாம். வலது கையிலிருந்து சேலை வழுக்கிக்கொண்டு போனதாம், போகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், பிடிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லையாம். பத்து நிமிடம். பக்கத்தில் நின்ற ரெஜினா சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பிறகு நாக்கு திரும்பி வந்துவிட்டது, அம்மா அன்றைக்கு மேற்கொண்டு நாலு சேலை விற்றிருக்கிறாள், வீட்டுக்கு வந்து ரசம் வைத்திருக்கிறாள், இரண்டு நாள் கழித்துக் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள். சிரித்தபடி. காந்திமதிக்கு இன்னும் எரிவது அந்தச் சிரிப்பு.

"தலைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு மறுபடி போயிருக்கு" என்றாள் ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டர், மெதுவாக, நல்ல மாதிரி. "வந்துட்டுப் போனது எச்சரிக்கை. அடுத்த தடவை வந்தா போகும்னு சொல்ல முடியாது." மாத்திரை எழுதினாள். கூடவே ஒரு தாள் கொடுத்தாள், வழவழப்பான தாள், மூளைக்கு ரத்த ஓட்டம் சீராக இருக்க அன்றாட எளிய பழக்கங்கள் என்று மேலே போட்டு, ஓரத்தில் வெள்ளை மீசையும் வெள்ளை ஷூவுமாக ஒருவர் பூங்காவில் சிரித்துக்கொண்டு நடக்கிற படம். அதை பீரோக் கண்ணாடியில் ஒட்டியது காந்திமதிதான். ஒட்டிய நாளிலிருந்து அதோடு சண்டை போடுவதும் அவள்தான். எளிய. யார் போட்டது இந்த எளிய என்ற சொல்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். நெடுநேரம் ஒரே நிலையில் நிற்கவோ இருக்கவோ வேண்டாம், அவ்வப்போது காலை நீட்டி மடக்குங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். வாய்விட்டுச் சிரியுங்கள். இந்த நீங்கள் யார், அந்த வெள்ளை ஷூக்காரரா. அவருக்கு எளிது. அவர் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்க ஆள் இருக்கும், அந்த ஆள் எப்போது தண்ணீர் குடித்தாள் என்று தாளில் எழுதவில்லை. சரி, டாக்டர் சொன்னது தப்பா என்றால் தப்பில்லை, ஒரு வரிகூடத் தப்பில்லை, அதுதான் எரிச்சல். தப்பாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சரியாக இருக்கிற ஒன்று எட்டாத உயரத்தில் இருக்கும்போது அதை என்ன செய்வது, யாரைத் திட்டுவது, அதனால் அம்மாவைத் திட்டுகிறாள். தண்ணி குடிச்சியா, உப்பக் கொறச்சியா, ஏன் இன்னும் தூங்கல, மாத்திரையப் போட்டியா, தோசைக்கு எதுக்கு இம்புட்டு உப்பு. ராத்திரி ஒன்பதேமுக்காலுக்கு வந்து சேருகிறவளை வாசலிலேயே நிறுத்தி விசாரணை. ஒரு நாள் அம்மா செருப்பைக் கழற்றாமலே நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இப்பம் உள்ள வரட்டா" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே அனுமதி கேட்ட மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மைதானத்தின் மேற்கு மூலையில் நேற்றைய மழை தேங்கிக் கிடந்தது, அம்மா சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனாள், கணுக்காலில் அந்த நீல நரம்பு முடிச்சுகள் தெரிந்தன. சின்னதில் காந்திமதி அவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், மெத்து மெத்தென்று இருக்கும், அழுத்தினால் உள்ளே போய் மறுபடி எழும். அப்பா இருந்த காலம் அது. அம்மா வேலை முடிந்து வந்ததும் பாயை விரித்து, சுவரோடு ஒட்டிப் படுத்து, இரண்டு காலையும் சுவர்மேல் நேரே தூக்கி வைத்துக்கொள்வாள், கடைக்காரப் பொம்பளைகள் எல்லாரும் செய்கிறதுதான். பக்கத்தில் காந்திமதியும் படுத்துக் காலைத் தூக்கிக்கொள்வாள், சின்னக் கால் பெரிய கால், சுண்ணாம்புச் சுவர் குளுகுளுவென்று இருக்கும். "எதுக்கும்மா இப்படி?" "காலுக்கு எறங்குன ரத்தம் தலைக்குத் திரும்பட்டும்ட்டி." அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வழவழப்புத் தாள் வருவதற்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்து என்ன. காலையில் மறுபடி போய் நிற்கிறவளுக்குத் தெரிந்து என்ன. அம்மா நின்ற காலில்தான் இவள் பள்ளிக்கூடம் போனாள், நின்ற காலில்தான் கல்லூரி, இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரே மூச்சில் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பெண்களும் உழைப்பும் பற்றிக் குறிப்பெடுக்கிறாள். உட்கார்ந்து. எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் இந்த முள்ளில்தான் துணி மாட்டுகிறது. அதனால்தான் போகாதே என்கிறாளா, அம்மாவுக்காகவா, தன் காது சூடாகாமல் இருப்பதற்காகவா. இது எதிரணி வாதம், இதற்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

"எம்மா, நான் டியூசன் எடுக்கேன். சாயங்காலம் ரெண்டு பேட்ச்." "ம்." "படிப்பு முடிய ஆறு மாசந்தான். அதுவரைக்கும் சமாளிச்சுக்கிடலாம்." "ம்." "கடையில நீ இல்லன்னா சேலையெல்லாம் அழுவுமா?" "அழும். காட்டன்லா, சுருங்கும்." அம்மா திரும்பாமலே சொன்னாள், முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. அந்தக் கடையில் பட்டுப் பிரிவு கீழ்த்தளத்தில், அங்கே ஆண்கள் விற்பார்கள், வெள்ளை மெத்தை விரித்து அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விற்பார்கள், ஏனென்றால் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் எதிரே உட்காருவார்கள், அது மரியாதை. மேலே காட்டனுக்கு மெத்தை கிடையாது. காட்டன் விற்கிறவள் உட்கார்ந்தால் சோம்பேறி. இதை ஒரு கட்டுரையில் எழுதி அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். எழுதாதது அந்த அட்டை. மாடிக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, கயிறு கோத்தது, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போகவேண்டும், ஒருத்தி போய்த் திரும்பி வந்து அட்டையைக் கழற்றினால்தான் அடுத்தவள் போகலாம், பன்னிரண்டு பேருக்கு ஒரே அட்டை. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வாயை நனைத்துக்கொள்வார்கள். அம்மா மூத்தவள், அவள் முறையை ரெஜினாவுக்குக் கொடுத்துவிடுவாள், ரெஜினாவுக்கு இப்போது ஏழு மாசம். எளிய பழக்கங்கள், எண் ஒன்று, தண்ணீர் குடியுங்கள். அந்தத் தாளை எழுதியவர் ஒரே ஒரு நாள் அந்த அட்டைக்கு வரிசையில் நிற்கட்டும். தொட்டி வந்தது, போனது. சிரிப்பு நேர், கை நேர், "வயிறு பசிக்கு, வீட்டுக்குப் போய் இட்டிலி ஊத்தணும்" என்ற வாக்கியமும் நேர்.  ஐந்தாவது சுற்றின் தொட்டியடியில் அம்மா, "வாத்தியாரு கையத் தூக்குததுல இருந்து அவரு மேலுக்கும் நல்லா இருக்காம்" என்றாள்.

ஆறாவதில்தான் காந்திமதி தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். சட்டத்தை. வேலை செய்கிறவர்களுக்குக் கடையில் உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதை அச்செடுத்து, டாக்டர் சீட்டையும் சேர்த்து, ஆவணி மாசம் இவளே நேரில் போய் மாடி மேனேஜர் மாணிக்கவாசகத்தின் முன்னால் நின்று பேசியிருக்கிறாள். அவர் இரண்டையும் வாசித்தார், டாக்டர் சீட்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், மறுநாள் காட்டன் பிரிவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. ஜெயித்த சங்கதியை டிபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "நாற்காலி வாங்கித் தந்தேம்லா. அதுல உக்காந்தும் நீ தீவாளி முடிஞ்ச மறுநா மாடிப்படியில கண்ணு இருட்டி விழுந்துதான இந்தப் பதினாறு நாள் லீவு. அப்பம் இந்த வேல ஒனக்கு ஒத்துக்கிடலன்னுதான அர்த்தம்? நாற்காலியும் குடுத்தாச்சு, இதுக்கு மேல அவங்கட்ட என்ன கேக்க?" நல்ல வாதம். ஓட்டை இல்லாதது.  அம்மா நடந்துகொண்டே சொன்னாள். "அதுல நான் உக்காரவே இல்ல மதி." "என்னது?" "உக்காரல. எப்படி உக்கார? சுத்திப் பதினொரு பொம்பள நிக்கா. நான் மட்டும் நடுவுல ராசாத்தி கணக்கா உக்காந்துக்கிட்டு, ஏ அந்தக் கட்ட எடுத்துப் போடுன்னு சொல்லவா? ரெஜினாவுக்கு அப்பம் நாலு மாசம், பித்தமும் வாந்தியுமா நின்னா, அவள உக்கார வச்சேன். பொறவு ஆளுக்குப் பத்து நிமிசம்னு முற வச்சு உக்காந்தோம். அஞ்சு நாள் நல்லா ஓடிச்சு. ஆறாம் நாள் மேனேஜர் பாத்துட்டாரு. இது சீக்காளிக்குக் குடுத்த சேரு, ஊர்ச் சேரு கெடையாதுன்னு தூக்கிட்டுப் போயிட்டாரு." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "நீ ஊரு பூராச் சொல்லிச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்த."

கோபம் வந்தது, முதலில் அம்மாமேல்தான் வந்தது, அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் நிற்கவில்லை. இரண்டரை மாசம். வாசலில் நிறுத்தி விசாரணை செய்த ஒவ்வொரு ராத்திரியும் உக்காந்தியா என்று கேட்டதற்கு ம் என்றாளே, அந்த ம் எல்லாம் பொய். உன் தலைக்குப் போகிற ரத்தத்தைப் பதினொரு பேருக்குப் பங்கு வைக்க உன்னை யார் கேட்டது, செத்துப்போனால் பதினொரு பேரும் வந்து எனக்கு அம்மாவாக இருப்பார்களா, என்று வாய்வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்தாள். கோபம் பக்கவாட்டில் திரும்பி மாணிக்கவாசகத்தின்மேல் போனது. அங்கேயும் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு அவளிடமே வந்தது. சட்டம் என்ன சொல்கிறது. எல்லாருக்கும் என்கிறது. அவள் என்ன கேட்டாள். எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சலுகை கேட்டிருக்கிறாள். அந்த ஆள் புத்திசாலி, சட்டத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டார், அப்போதே புரிந்திருக்க வேண்டாமா. பெண்களும் உழைப்பும். மதிப்பெண். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு, அந்தச் சிவப்பு நாற்காலியில் என்ன கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் யோசித்து முடித்தபோது தொட்டி வந்திருந்தது, அம்மா திரும்பி நின்றிருந்தாள், கையைத் தூக்கவில்லை. சிரிக்கவில்லை. காந்திமதியைப் பார்த்தாள், அல்லது காந்திமதிக்குப் பின்னால் எதையோ. "வாக்கியம்" என்றாள் காந்திமதி. அம்மா பேசவில்லை. உதடு லேசாகத் திறந்தது, மூடியது. மைதானத்துச் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது, காதுக்குள் தன்னுடைய ரத்தம் மட்டும் குபுக் குபுக்கென்று கேட்டது, அம்மாவுக்கு நின்றுவிட்டது, அங்கே நின்றுவிட்டது, மணி என்ன, மணியைப் பார்க்கவேண்டும், எந்த நேரத்தில் தொடங்கியது என்று டாக்டர் கேட்பார்கள், ஆறு முப்பத்தி நாலு, ஆட்டோ மைதானத்து வாசலில் இருக்குமா, நான் வாதாடினதாலா, இந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டதாலா, கடைசியாக அம்மா சொன்ன வாக்கியம் எது, சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்த, அதுதானா கடைசி. பாய்ந்து அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். விரல்கள் சூடாக இருந்தன. அழுத்தினாள். திரும்ப அழுத்தியது, வலிக்கிற அளவுக்கு.

"எதுக்குட்டி கையப் போட்டு நெரிக்க? யோசனைல இருக்கேன்." "யோசன இருந்தா யோசன இருக்குன்னு சொல்லித் தொலையேன்மா" என்றாள். அம்மா அவளைப் பார்த்தாள், இப்போது சரியாகவே பார்த்தாள், முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள், இந்த ஈரக்காத்துலயும் வேர்த்திருக்கு என்று முணுமுணுத்தாள். பிறகு, அரிசி வாங்கணும் என்கிற மாதிரி அதே குரலில் சொன்னாள். "நேத்துச் சாயங்காலம் ரெஜினா போன் போட்டா. அவளுவ எல்லாம் கூடிப் பேசியிருக்காளுவ. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம் இருக்காது. அப்பம் பன்னெண்டு பேரும் நின்ன எடத்துலயே தரையில உக்காருததாம். கத்த வேண்டாம், கூப்பாடு வேண்டாம். ஆளு வந்தா எந்திரிச்சுச் சேலையக் காட்டுதது, போனா மறுபடி உக்காருதது. சேரு குடுக்கவரைக்கும் தெனமும். ஆனா மொதல்ல யாராவது ஒருத்தி உக்காரணும்லா. நீங்க மூத்தவிய, நீங்க உக்காந்தா நாங்க உக்காருவோம்க்கான்னு சொல்லுதா. சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல, காலையில சொல்லுதேன்னேன்." அப்படியானால் இன்று காலை முழுக்க இந்த முதுகு இதைத்தான் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது. அந்த ம் எல்லாம் இதற்குள் இருந்து வந்தவை. காந்திமதி ஒவ்வொரு சுற்றிலும் நாக்கு தடிக்கிறதா என்றுதான் கேட்டாள், அந்த நாக்கு என்ன சொல்லாமல் வைத்திருக்கிறது என்று கேட்கவில்லை.

"நீ சொல்லு. ஒனக்குத்தான் சட்டம் தெரியும். உக்காந்தா வேலைய விட்டு எடுக்க முடியுமா?" காந்திமதி வாயைத் திறந்தாள். இதற்காகப் பிறந்தவள் அவள், மூன்று வருடம் மேடை மேடையாக இதைத்தான் பேசினாள், அநியாயத்துக்கு எதிரே எழுந்து நில்லுங்கள் என்று, இல்லை, உட்காருங்கள் என்று, எப்படியோ. ஆனால் உள்ளே இருந்து எழுந்தது வேறொரு குரல், வேண்டாம்மா, அந்த ஆள் சத்தம் போடுவான், உனக்குப் படபடப்பு வரும், பிரஷர் ஏறும், ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாளே, மன அழுத்தம் தரும் சூழல்களைத் தவிர்க்கவும். தாளின் வரி. எண் ஆறோ ஏழோ. பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்துத் திட்டிய அதே தாள் அவள் தொண்டையில் இருந்துகொண்டு பேசுகிறது, வெள்ளை மீசையோடு, நயமாக. தவிர்க்கவும். தவிர்த்தால் அம்மா இருப்பாள். தவிர்த்தால் அம்மா நின்றுகொண்டே இருப்பாள். முடியவே முடியாது, சட்டம் இருக்கு, தைரியமாப் போ என்று சொல்லலாம், முடியும், அதனால் போகாதே என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் அவளிடம் ஆதாரம் இருந்தது. "சட்டப்படி முடியாது" என்றாள். கொஞ்சம் நின்றாள். "ஆனா எடுத்துருவாங்க. வேற காரணம் சொல்லி எடுப்பாங்க." அம்மா தலையை ஆட்டினாள். "அது எனக்குத் தெரியும். நீ என்ன சொல்லுதன்னு பாத்தேன்." "எம்மா, நீ போகாமலே இருந்துரலாம்லா. ஒனக்குத்தான் முடியல. அவங்களும் புரிஞ்சுக்கிடுவாங்க." "புரிஞ்சுக்கிடுவாளுவ. நான் போகலன்னா அவளுவ இன்னைக்கும் நிப்பாளுவ, நாளைக்கும் நிப்பாளுவ. ரெஜினா பிள்ளையப் பெறுத அன்னைக்குக் காலம்பற வரைக்கும் நிப்பா. நான் வீட்டுல காலச் செவுத்துல தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்துருப்பேன். ரத்தம் தலைக்கு நல்லாத்தான் ஏறும். ஏறி அங்க இதத்தான யோசிக்கும்?" வாதம் என்றால் இது வாதம்.   காந்திமதியின் பயத்துக்கு மட்டும் வாதம் கிடையாது.

அம்மா ஏழாவது சுற்றுக்குத் திரும்பவில்லை. கேலரிப் பக்கம் நடந்தாள், முதல் படியில் மழையீரத்தைக் கையால் ஒருதரம் வழித்துவிட்டுச் சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள், இடுப்பிலிருந்து போனை எடுத்தாள், கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து எண்ணைத் தேடினாள். "ரெஜினா, நாந்தான். ராத்திரி ஒறங்குனியா? ... கால் வீங்குனா தலவாணிய வச்சுத் தூக்கிப் படு. ... ஆமா, வாரேன். ஒன்பதரைக்கே வந்துருவேன். ... ம். நான் மொத. நீ எனக்குப் பக்கத்துல வந்து உக்காரு, மெதுவா உக்காரு, என் தோளப் பிடிச்சுக்கோ. ... அவ இங்கனதான் இருக்கா. ஒண்ணும் சொல்லல." போனை மடியில் வைத்தாள். எதிரே மைதானத்தில் நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், வெயில் இன்னும் தொட்டி உயரத்துக்கு வரவில்லை.  "நீ எதுக்கு இன்னும் நிக்க?" என்றாள் அம்மா. "உக்காரு." காந்திமதி உட்கார்ந்தாள். கல்லின் ஈரம் பாவாடைக்குள் ஏறியது. பதினோரு மணிக்கு இன்னும் நாலேகால் மணி நேரம் இருந்தது.